குவாலிட்டி ப்ராஜெக்ட் உங்க தலைல விழுந்துடுச்சா? எங்க ஆரம்பிக்கிறதுன்னு சொல்றேன்

திடீர்னு ஒருநாள் சீஃப் ரூமுக்கு கூப்ட்டு, "இனிமே நம்ம டிபார்ட்மென்ட் குவாலிட்டி வேலைய நீதான் பாத்துக்கணும்மா"ன்னு சொல்லுவாங்க, தலைய ஆட்டிட்டு வெளிய வந்தப்புறம்தான் குவாலிட்டின்னா என்ன பண்ணனும்னே தெரியலையேன்னு உறைக்கும். எனக்கு அப்படித்தான் ஆச்சு, கம்யூனிட்டி மெடிசின் பி.ஜி. ரெண்டாவது வருஷத்துல. அன்னைக்கு ஆரம்பிச்சது, இன்னைக்கு வரைக்கும் அதேதான் பொழப்பு, ஆஸ்பத்திரில குடுக்க வேண்டிய ட்ரீட்மென்ட் நோயாளி கைக்கு ஒழுங்கா போய் சேருதா, சேரலன்னா எந்த எடத்துல சிக்கி நிக்குதுன்னு பாக்குற ஆராய்ச்சி. எங்க அம்மா இன்னமும் சொந்தக்காரங்ககிட்ட "அவ டாக்டர்தான், ஆனா ஊசி போட மாட்டா"ன்னுதான் சொல்றாங்க.

புதுசா இதுல மாட்டுற பி.ஜி.ங்க, ஸ்டாஃப் நர்ஸ், சின்ன ஆஸ்பத்திரி டாக்டர்னு நிறைய பேர் கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கா வாய்ஸ் நோட் அனுப்பி மாளல, அதனால ஒரே தடவையா எழுதி வெச்சிடறேன். முழுசுக்கும் ஒரே உதாரணத்த வெச்சுதான் சொல்லப் போறேன்: சிசேரியன்ல பொறந்த கொழந்த தியேட்டர்ல இருந்து எஸ்.என்.சி.யூ. (உடம்பு சரியில்லாத பச்சக் கொழந்தைங்கள பாக்கற தனி வார்டு) போய் சேர்றதுக்குள்ள சில்லுன்னு ஆயிடறது. உங்க பிரச்சனை சுகர் கிளினிக்கா இருக்கலாம், மருந்து லேட்டா போறதா இருக்கலாம், பண்ற முறை இதேதான்.

கொழந்தையோட அக்குள் டெம்பரேச்சர் 36.5-லிருந்து 37.5 டிகிரி செல்சியஸுக்குள்ள இருக்கணும். 36.5-க்கு கீழ போனாலே ஹைப்போதெர்மியா, 36-க்கு கீழ மிதமானது, 32-க்கு கீழ போனா தீவிரம், இது உலக சுகாதார நிறுவனத்தோட கணக்கு. நம்ம ஊரு வெயில்ல கொழந்த எப்படி குளிரும்னு கேப்பாங்க, கொழந்த பொறக்கறது வெயில்ல இல்லையே, ஏசி தியேட்டர்லதானே. ஈரத்தோட வெளிய வருது, அந்த ஈரம் ஆவியாகறப்ப சூட்ட எடுத்துட்டு போயிடும், உடம்பு சின்னது, கொழுப்பு கம்மி, எடை கொறஞ்ச கொழந்தைனா கேக்கவே வேணாம். குளிர்ந்த கொழந்தைக்கு சுகர் எறங்கும், மூச்சு வாங்கும், அங்க இருந்து ஒண்ணு மாத்தி ஒண்ணு வரும்.

முதல்ல கிளாஸ் எடுக்காதீங்க

இத நான் முட்டிக்கிட்டு கத்துக்கிட்டேன். பொறுப்பு வந்த மொத மாசமே வார்ம் செயின், அதாவது பொறந்ததுல இருந்து கொழந்த சூடு கொறையாம பாத்துக்கற படிகள், அத பத்தி ஒரு ட்ரெய்னிங் வெச்சேன், அந்த பத்து படிய அழகா ஸ்லைடு போட்டு, ப்ரீ டெஸ்ட், போஸ்ட் டெஸ்ட், டீ, சமோசா, குரூப் போட்டோ எல்லாம் ஆச்சு. போஸ்ட் டெஸ்ட்ல எல்லாரும் சூப்பர் மார்க். கொழந்தைங்க அடுத்த மாசமும் அதே சில்லுப்பாதான் வந்து எறங்குச்சு. ஒரு சீனியர் சிஸ்டர் மட்டும் கிளாஸ் முடிஞ்சப்புறம் ஓரமா கூப்ட்டு, "மேடம், நீங்க சொன்னது பூரா எங்களுக்கு தெரியும், அந்த வார்மர் இருக்குற பக்கம் ப்ளக் பாயின்ட்ல லூஸ் கான்டாக்ட், போட்டா போட்டா அணைஞ்சு போகுது, அத யாராவது சரி பண்ணி குடுங்க"ன்னாங்க. வார்மர்னா பொறந்த கொழந்தைய படுக்க வெச்சு மேல இருந்து சூடு குடுக்கற மெஷின். எனக்கு மூஞ்சி எங்க வெச்சுக்கறதுன்னே தெரியல.

தெரியறது ஒண்ணு, செய்யறது ஒண்ணு. இது நம்ம ஆஸ்பத்திரி பிரச்சனை மட்டும் இல்ல. டெல்லில 2015-ல வந்த ஒரு ஆய்வு இருக்கு, காசநோய் மாதிரி அறிகுறி சொல்ற நடிப்பு நோயாளிகள பயிற்சி குடுத்து தனியார் டாக்டர்ங்ககிட்ட அனுப்புனாங்க, 250 சந்திப்புல 21 சதவீதத்துலதான் சரியான முறைல கையாண்டிருந்தாங்க. அதே மாதிரி கேஸ பேப்பர்ல எழுதி நீங்கன்னா என்ன செய்வீங்கன்னு கேட்டப்போ பதில் இதவிட நல்லாவே வந்துச்சு. ஆக அறிவு எங்கயோ இருக்கு, வேலை நடக்கற எடத்துக்கு வர்றதுக்குள்ள கரைஞ்சு போகுது. நம்ம வேலையே அந்த கரையற எடத்த கண்டுபிடிக்கறதுதான். அதுக்கு ப்ரொஜெக்டர் வேணாம்.

எந்த பிரச்சனைய எடுக்கறது

பெரிய ஆசையோட "தாய் சேய் மரணத்த குறைக்கப் போறேன்"னு கெளம்பாதீங்க. மரணம் முக்கியம் இல்லன்னு சொல்லல, ஒரு ஆஸ்பத்திரில ஒரு மாசத்துல நடக்கற மரணம் எண்ணிக்கைல சின்னது, இந்த மாசம் மூணு, அடுத்த மாசம் ஒண்ணு, அதுக்கடுத்த மாசம் நாலுன்னு தன்னாலயே ஆடும், நீங்க பண்ணதால கொறஞ்சுதா தானா கொறஞ்சுதான்னு சொல்லவே முடியாது. அடிக்கடி நடக்கணும், அளக்க முடியணும், உங்க கட்டுப்பாட்டுல கொஞ்சமாவது இருக்கணும், அங்க வேலை பாக்கறவங்கள்ல ஒருத்தருக்காவது அது எரிச்சலா இருக்கணும். இந்த கடைசி விஷயத்ததான் யாரும் கண்டுக்கறதில்ல. யாருக்கும் வலிக்காத பிரச்சனைய நீங்க மேல இருந்து கொண்டு வந்தீங்கன்னா நீங்க இருக்கற வரைக்கும்தான் ஓடும்.

அவெடிஸ் டொனபேடியன்னு ஒருத்தர் 1966-லயே ஒரு வழி சொல்லிட்டு போனார், இன்னைக்கு வரைக்கும் இந்த துறையே அதுமேலதான் நிக்குது: தரத்த மூணா பிரிச்சு பாருங்க, என்ன இருக்கு, என்ன செய்யறாங்க, என்ன ஆச்சு. வார்மர் இருக்கா, துண்டு இருக்கா, ஆள் இருக்காங்கறது மொதல்ல. பொறந்த உடனே தொடச்சாங்களா, ஈரத்துண்ட மாத்துனாங்களாங்கறது ரெண்டாவது. எஸ்.என்.சி.யூ. வாசல்ல டெம்பரேச்சர் என்னங்கறது மூணாவது. இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றவங்க பெரும்பாலும் மொதல் விஷயத்த டிக் அடிச்சிட்டு கெளம்பிடுவாங்க, ஏன்னா அது கண்ணுக்கு தெரியும், எண்ணிடலாம். நடுவுல இருக்கறதுதான் கஷ்டம், மாத்த முடியறதும் அதுதான்.

போய் நில்லுங்க

இந்த பகுதிய தாண்டி போயிடாதீங்க, கட்டுரைல வேற எத மறந்தாலும் பரவால்ல. ஒரு நோட்டு, ஒரு பேனா, செகண்ட் முள்ளு இருக்கற வாட்ச், இவ்வளவுதான் தேவை. தியேட்டர் இன்சார்ஜ் சிஸ்டர்கிட்டயும் அனஸ்தீசியா டாக்டர்கிட்டயும் முன்னாடியே சொல்லிட்டு ஒரு ஓரமா நில்லுங்க, "நான் யாரையும் குறை எழுத வரல, கொழந்த எந்தெந்த வழியா போகுதுன்னு பாக்கத்தான் வந்திருக்கேன்"னு வாய் விட்டு சொல்லிடுங்க, ஏன்னா நோட்டோட ஒருத்தர் வந்து நின்னாலே டீன் ஆபீஸ்ல இருந்து ஆள் வந்திருக்குன்னு கிசுகிசு ஓடிடும்.

அப்புறம் கொழந்தைய மட்டும் பாருங்க. அம்மாவ பாக்க ஆள் இருக்காங்க. வெளிய எடுத்த உடனே யார் கைல குடுக்கறாங்க, அந்த கைல துண்டு இருக்கா, அந்த துண்டு சூடா இருக்கா இல்ல ஏசில மடிச்சு வெச்சு ஐஸ் மாதிரி இருக்கா. வார்மர் எப்ப ஆன் பண்ணாங்க, கொழந்தைக்கு முன்னாடியா, கொழந்த வந்தப்புறமா. தொடச்ச துண்டையே சுத்தி விடறாங்களா, காஞ்ச துண்டு இன்னொண்ணு வந்துச்சா. எடை பாக்கற மெஷின் தட்டுல துணி போட்டாங்களா, வெறும் தகரத்துல வெச்சாங்களா. அப்புறம் வெளிய போற பயணம், யார் தூக்கிட்டு போறாங்க, லிஃப்ட்டுக்கு எவ்ளோ நேரம் நின்னாங்க, நடுவுல ஆம்பளையா பொம்பளையான்னு சொந்தக்காரங்க துணிய வெலக்கி பாக்கறதுக்கு எத்தன தடவ நிறுத்துனாங்க. எல்லாத்துக்கும் பக்கத்துல நேரம் எழுதுங்க.

நான் நின்னப்போ கண்டுபிடிச்சத சொன்னா சிரிப்பீங்க. கொழந்தைக்கு வெச்சிருந்த வார்மர் நேரா ஏசி டக்டுக்கு கீழ இருந்துச்சு. மேல சூடு, பக்கவாட்டுல சில்லுன்னு காத்து, வார்மர் முக்கிக்கிட்டு இருந்துச்சு பாவம். வருஷக்கணக்கா அங்கதான் இருந்திருக்கு, ஏன்னா லூஸா இருந்தாலும் அங்க ஒரு ப்ளக் பாயின்ட்தான் இருந்துச்சு. எந்த ஆடிட் ஃபார்ம்லயும் "வார்மர் ஏசிக்கு கீழ இருக்கா"ன்னு கட்டம் கெடையாது.

பகல்ல மட்டும் போயிட்டு வந்துடாதீங்க. ராத்திரி ரெண்டு மணி எமர்ஜென்சி சிசேரியன் வேற ஆஸ்பத்திரி, அதே கட்டடம்தான் ஆனா ஆள் பாதி, சாவி யார்கிட்டயோ இருக்கும், துண்டு பூட்டுன பீரோக்குள்ள இருக்கும். அப்புறம், கொழந்தைய தூக்கிட்டு போற ஆயாம்மாகிட்ட உக்காந்து பேசுங்க. "அம்மா, எந்த எடத்துல கஷ்டமா இருக்கு"ன்னு கேட்டா போதும், பத்து நிமிஷத்துல உங்க ஃபிஷ்போன் சார்ட்ல (ஒரு பிரச்சனைக்கான காரணங்கள மீன் முள்ளு மாதிரி வரையற படம்) வர வேண்டியது பூரா வந்துடும். மீட்டிங்ல அவங்க பேச மாட்டாங்க, பெரிய டாக்டருக்கு முன்னாடி நாற்காலில உக்காரவே கூச்சப்படுவாங்க, அதனால நீங்கதான் அவங்க இருக்கற எடத்துக்கு போகணும்.

அளக்கறது

இருக்கற ரெஜிஸ்டர்ல இருந்து எடுத்துக்கலாமேன்னு தோணும். எடுங்க, ஆனா நம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவ நம்பர்களோட மூஞ்சிய பாருங்க. ஒரு பக்கம் பூரா எல்லா கொழந்தைக்கும் 36.5, எல்லா அம்மாவுக்கும் பி.பி. 120/80, எல்லாருக்கும் மூச்சு நிமிஷத்துக்கு 20-ன்னு இருந்துச்சுன்னா அது அளந்தது இல்ல, எழுதுனது. யாரையும் திட்டாதீங்க, ஒரு சிஸ்டர் ஒரே ஷிஃப்ட்ல எத்தன ரெஜிஸ்டர் எழுதறாங்கன்னு எண்ணி பாத்தா உங்களுக்கே கை வலிக்கும். நீங்களும் புதுசா பதினஞ்சு கட்டம் போட்ட ப்ரொஃபார்மா அடிச்சு கொண்டு போனா அதுக்கும் இதே கதிதான்.

ஒண்ணே ஒண்ணு அளங்க, ஆனா சண்டை வராத மாதிரி வரையறுத்து வெச்சுக்கங்க. டெம்பரேச்சர்னா எந்த தெர்மாமீட்டர், எந்த எடத்துல, எப்போ, யார். "எஸ்.என்.சி.யூ. வார்மர்ல வைக்கறதுக்கு முன்னாடி, அக்குள்ல, டிஜிட்டல் தெர்மாமீட்டர்ல பீப் வர்ற வரைக்கும் வெச்சு, ரிசீவ் பண்ற சிஸ்டர் எழுதணும்" அப்படின்னு. வைக்கறதுக்கு முன்னாடிங்கறது பெரிய விஷயம், அஞ்சு நிமிஷம் வார்மர்ல கெடந்தப்புறம் எடுத்தா நம்பர் அழகா வரும், பயணத்துல ஆனது மறைஞ்சிடும்.

கூடவே செயல்ல ஒண்ணு எண்ணுங்க, உதாரணத்துக்கு சூடாக்குன ரெண்டு துண்டு ரெடியா இருந்துச்சா இல்லையா. மூணாவதா, நீங்க பண்ற மாற்றத்தால வேற எங்கயாவது கெடுதல் வருதான்னு பாக்க ஒண்ணு, நம்ம கதைல அது 37.5-க்கு மேல போற கொழந்தைங்க. ஆர்வக்கோளாறுல போத்தி போத்தி வேக வெச்சிடக் கூடாது இல்லையா.

எல்லா கொழந்தையையும் அளக்கணும்னு இல்ல, வாரத்துக்கு பத்து கேஸ் ஒழுங்கா எடுத்தா போதும், பகலும் ராத்திரியும் கலந்து. தீசிஸ் மாதிரி சாம்பிள் சைஸ் ஃபார்முலா போட்டு மண்டைய ஒடச்சிக்காதீங்க, இங்க கேள்வி வேற, நம்ம வார்டு நாளுக்கு நாள் எந்த பக்கம் நகருதுன்னு தெரிஞ்சா போதும்.

அத தெரிஞ்சுக்க ரன் சார்ட் போடுங்க. கிராஃப் ஷீட்ல கீழ வாரம், பக்கத்துல சதவீதம், ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு புள்ளி, நடுவுல மீடியன் கோடு (பாதி புள்ளி மேல, பாதி புள்ளி கீழ இருக்கற நடு மதிப்பு). தொடர்ந்து ஆறு புள்ளியோ அதுக்கு மேலயோ மீடியனுக்கு ஒரே பக்கமா விழுந்தா உண்மையா ஏதோ மாறியிருக்கு. தொடர்ந்து அஞ்சு புள்ளி ஏறிக்கிட்டே போனாலோ எறங்கிக்கிட்டே போனாலோ அதுவும் ஒரு சிக்னல். ஒரு வாரம் குதிச்சா கொண்டாடாதீங்க, ஒரு வாரம் விழுந்தா யாரையும் கூப்ட்டு விசாரிக்காதீங்க.

ஏன் இவ்ளோ வளைச்சு சொல்றேன்னா, முன்னாடி மூணு மாச சராசரி, பின்னாடி மூணு மாச சராசரி, பி வேல்யூ (வித்தியாசம் தற்செயலா வந்திருக்குமான்னு பாக்கற கணக்கு) 0.05-க்கு கீழ, ப்ராஜெக்ட் வெற்றின்னு எழுதறதுதான் வழக்கம். நம்ம உதாரணத்துலயே பாருங்க, டிசம்பர்ல அளந்துட்டு, ஒண்ணுமே செய்யாம தூங்கிட்டு, ஏப்ரல்ல மறுபடி அளந்தா கொழந்தைங்க எல்லாம் சூடா வரும். கத்திரி வெயில் பண்ண வேலைக்கு நீங்க சர்டிஃபிகேட் வாங்கிட்டு போவீங்க. வாரா வாரம் புள்ளி வெச்சிருந்தா எந்த மாற்றத்துக்கு அப்புறம் ஏறுச்சுன்னு கண்ணால பாக்கலாம், ஒவ்வொரு மாற்றம் பண்ண வாரத்துலயும் சார்ட்ல ஒரு அம்புக்குறி போட்டு எழுதி வெச்சிடுங்க.

இன்னொண்ணு, நீங்க பக்கத்துல நின்னா எல்லாரும் ஒழுங்கா செய்வாங்க. இத ஹாதார்ன் எஃபெக்ட்னு சொல்வாங்க. அதனால மொதல் வாரத்து நம்பர் எப்பவுமே பொய் சொல்லும், தூக்கி போட்டுடலாம்.

குறிக்கோள் ஒரே வாக்கியத்துல இருக்கணும்: யாருக்கு, எது, எவ்வளவுல இருந்து எவ்வளவு, எப்பக்குள்ள. "சிசேரியன்ல பொறந்து எஸ்.என்.சி.யூ. வர்ற கொழந்தைங்கள்ல 36.5-க்கு கீழ இருக்கறவங்கள பத்துக்கு ஆறுல இருந்து பத்துக்கு மூணா, பொங்கலுக்குள்ள குறைக்கணும்." இந்த நம்பர் சும்மா மாதிரிக்கு சொன்னது, உங்களோடத நீங்க அளந்து போடுங்க. "விழிப்புணர்வு ஏற்படுத்துதல்"னு எழுதுனீங்கன்னா மறுபடியும் சமோசாதான்.

டீம்ல யாரு

அஞ்சாறு பேர் போதும். ஏசி ரிமோட் யார் கைல இருக்கோ அவங்க கண்டிப்பா வேணும், எங்க தியேட்டர்ல அது அனஸ்தீசியா டாக்டர். ஆபரேஷன் பண்றவங்க சார்புல ஒருத்தர், தியேட்டர் சிஸ்டர் ஒருத்தர், எஸ்.என்.சி.யூ. சிஸ்டர் ஒருத்தர், தூக்கிட்டு போற ஆயாம்மா, அப்புறம் கரன்ட் வேலை பாக்கறவரு. அரசு ஆஸ்பத்திரினா பி.டபிள்யூ.டி. எலக்ட்ரிக்கல்ல இருந்து வரணும், லெட்டர் போட்டு காத்திருந்தா தீபாவளி வந்துடும், நேர்ல போய் ஒரு டீ வாங்கி குடுத்து பிரச்சனைய காட்டுங்க, "கொழந்தைங்களுக்கு சார்"னு சொன்னா அவரு மறுநாளே வந்து நிப்பாரு, என் அனுபவத்துல அவங்கதான் டீம்லயே ஃபாஸ்ட்.

டீன் தலைமைல பெரிய கமிட்டி எல்லாம் ஆரம்பத்துல வேணாம். பேர் போட்டுக்கலாம், ஆனா வேலை நடக்கறது வார்டு மூலைல நின்னுக்கிட்டு பத்து நிமிஷம் பேசறதுலதான்.

சின்னதா செஞ்சு பாருங்க, ரொம்ப சின்னதா

பி.டி.எஸ்.ஏ.ன்னு எல்லா புக்லயும் இருக்கும், திட்டம் போடு, செய், என்னாச்சுன்னு படி, அதுக்கேத்த மாதிரி மாத்து. படிச்சா சாதாரணமா இருக்கும், ஆனா ஜனங்க எல்லாரும் சறுக்கற எடம் அளவுதான். ஒரு ஐடியா வந்த உடனே சர்க்குலர் அடிச்சு எல்லா ஷிஃப்டுக்கும் அனுப்பிடறாங்க. அப்படி பண்ணாதீங்க. நாளைக்கு காலைல, ஒரு கொழந்தைக்கு, ஒரு சிஸ்டர் செஞ்சு பாக்கட்டும். வொர்க் ஆகலன்னா நஷ்டம் ஒரு துண்டுதான்.

எங்க மொத ஐடியா புஸ்ஸுன்னு போச்சு. பிரசவம் நடக்கற ரூம் 25 டிகிரிக்கு கீழ இருக்கக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதனால ஏசிய 25-ல வைங்கன்னு கேட்டோம். பத்து நிமிஷத்துல சர்ஜன் மேடம் கவுனுக்குள்ள வேர்த்து கண்ணாடி ஆவி பிடிச்சு, "நீ வந்து ஆபரேஷன் பண்ணு"ன்னுட்டாங்க. அவங்க சொன்னதுலயும் நியாயம் இருக்கு. அப்புறம் உக்காந்து பேசுனதுல வந்த ஒப்பந்தம்: அம்மாவ டேபிள்ல படுக்க வெச்சதுல இருந்து கொழந்த வெளிய போற வரைக்கும் ஏசிய ஏத்தி வைக்கறது, கொழந்த போன உடனே எறக்கிடறது. இத ஒரு டேபிள்ல ஒரு வாரம் செஞ்சு பாத்து, ரிமோட்ட யார் அழுத்தறதுன்னு அதுலயும் ஒரு குழப்பம் வந்து, கடைசில மயக்க ஊசி போட்டு முடிச்ச கையோட அனஸ்தீசியா டாக்டரே அழுத்திடறதுன்னு முடிவாச்சு. இந்த மாதிரி அற்ப விஷயத்துலதான் தரம் இருக்கு, சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க.

மத்ததெல்லாம் சட்டுன்னு நடந்துச்சு. வார்மர தள்ளி வெச்சு எதிர் சுவத்துல புதுசா ப்ளக் போட்டது, துண்ட முன்கூட்டியே வார்மருக்கு கீழ விரிச்சு வெக்கறது, எடை மெஷின்ல துணி, லிஃப்ட் ஆபரேட்டருக்கு முன்னாடியே ஒரு போன். முப்பத்திரண்டு வாரத்துக்கு முன்னாடி பொறக்கற கொழந்தைங்கள தொடைக்காம அப்படியே பாலித்தீன் உறைல போடற முறை இருக்கு, ஆனா அது சிகிச்சை முடிவு, குழந்தை டாக்டரோட உக்காந்து ப்ரோட்டோகால் ஆக்கிட்டுதான் ஆரம்பிக்கணும், நம்ம இஷ்டத்துக்கு கவர் வாங்கிட்டு போக முடியாது.

செக்லிஸ்ட் ஒட்டிட்டா போதுமா

எல்லாரும் கடைசில வந்து நிக்கற எடம் இதுதான், சுவத்துல லேமினேட் பண்ண ஒரு செக்லிஸ்ட். இதுக்கு பின்னாடி இருக்கற கதைய தெரிஞ்சுக்கிட்டு ஒட்டுங்க.

அமெரிக்கால மிச்சிகன் மாநிலத்துல நூத்துக்கும் மேல ஐ.சி.யூ.ல பீட்டர் ப்ரோனோவோஸ்ட் குழு ஒரு வேலை பண்ணி 2006-ல வெளியிட்டாங்க, ரத்தக்குழாய்ல போடற சென்ட்ரல் லைன்ல வர்ற இன்ஃபெக்ஷன், ஆயிரம் லைன் நாளுக்கு சராசரி 7.7-ஆ இருந்தது பதினாறு பதினெட்டு மாசத்துல 1.4-க்கு வந்துச்சு. கைய கழுவு, உடம்பு பூரா மறைக்கற ஷீட் போடு, குளோர்ஹெக்ஸிடின்ல தொட, தொடைல போடாத, தேவையில்லன்னா எடுத்துடு, இந்த அஞ்சுதான். ஆனா எல்லாரும் அஞ்சு வரிய மட்டும் எடுத்துக்கிட்டாங்க. அங்க சாமான் பூரா ஒரே வண்டில வெச்சாங்க, டாக்டர் ஒரு ஸ்டெப்ப விட்டா நர்ஸ் நிறுத்தலாம்னு அதிகாரம் குடுத்தாங்க, இன்ஃபெக்ஷன் நம்பர அந்தந்த யூனிட்டுக்கே திருப்பி காட்டுனாங்க. நம்ம ஊர்ல ஒரு சிஸ்டர் சீனியர் டாக்டர பாத்து "சார், நிறுத்துங்க"ன்னு சொல்ல முடியுமான்னு யோசிங்க, அந்த கேள்விக்கு பதில் இல்லாம அஞ்சு வரிய லேமினேட் பண்ணி ஒண்ணும் ஆகப் போறதில்ல.

ஆபரேஷன் பாதுகாப்பு செக்லிஸ்ட்டும் அப்படித்தான். 2009-ல வந்த முதல் ஆய்வு, டெல்லி உட்பட எட்டு நகரத்துல எட்டு ஆஸ்பத்திரி, இறப்பு 1.5 சதவீதத்துல இருந்து 0.8-க்கு எறங்குச்சு. கனடால ஒன்டாரியோ மாகாணம் அதையே எல்லா ஆஸ்பத்திரியும் பண்ணியாகணும்னு ஆர்டர் போட்டுச்சு, 101 ஆஸ்பத்திரிய பாத்து 2014-ல எழுதுனதுல சொல்லிக்கற மாதிரி வித்தியாசமே இல்ல. காகிதம் ஒண்ணுதான், ஆனா ஆர்டர்ல வந்தா டிக் மட்டும் விழும்.

நம்ம நாட்டு உதாரணம் இதவிட நெஞ்சுல அறையும். உத்தரப் பிரதேசத்துல பெட்டர்பர்த்னு ஒரு பெரிய ட்ரயல், 120 ஆரம்ப நிலை ஆஸ்பத்திரிங்க, ஒன்றரை லட்சத்துக்கும் மேல பிரசவம். பிரசவ செக்லிஸ்ட் மட்டும் இல்ல, கூடவே கோச் ஒருத்தர் வந்து நின்னு எட்டு மாசம் சொல்லி குடுத்தாங்க. ரெண்டாவது மாசத்துல செய்ய வேண்டிய வேலைகள்ல 73 சதவீதம் நடந்துச்சு, கோச் இல்லாத எடத்துல 42. கோச் போனப்புறம் பன்னெண்டாவது மாசம் பாத்தா 62-க்கு எறங்கியிருந்துச்சு. தாய் சேய் இறப்பும் பெரிய சிக்கலும் சேத்து பாத்தா ரெண்டு பக்கமும் 15 சதவீதத்த ஒட்டியே இருந்துச்சு, மாறவே இல்ல. 2017-ல இந்த ரிசல்ட் வந்தப்போ ரெண்டு நாள் எனக்கு வேலையே ஓடல, இவ்ளோ பெரிய டீமாலயே முடியலன்னா நான் ஒரு தெர்மாமீட்டர வெச்சுக்கிட்டு என்னத்த கிழிக்கப் போறேன்னு. அப்புறம் யோசிச்சா, செக்லிஸ்ட் ஆளோட பழக்கத்த மாத்துது, ஆனா ரத்தம் இல்லாத எடத்துல ரத்தத்தையும் ஆபரேஷன் பண்ண ஆள் இல்லாத எடத்துல ஆளையும் அது எங்க இருந்து கொண்டு வரும்?

நம்ம ஊர்ல நடந்ததுல எனக்கு ரொம்ப புடிச்சது காசநோய் இறப்பில்லா திட்டம், 2022-ல தமிழ்நாடு அரசும் சென்னைல இருக்கற, ஐ.சி.எம்.ஆர்.ங்கற இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலோட தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் சேந்து ஆரம்பிச்சது. காசநோய்னு தெரிஞ்ச உடனே பாக்கறது எல்லாம் எடையும் உயரமும் பாத்து ரொம்ப மெலிஞ்சிருக்காங்களா, மூச்சு வேகமும் ஆக்ஸிஜனும் எப்படி, புடிமானம் இல்லாம நிக்க முடியுதா, இவ்வளவுதான். மோசமா இருக்கறவங்கள பிரிச்சு உடனே அட்மிஷனுக்கு அனுப்பறாங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல எடை மெஷினும் விரல்ல மாட்டற கருவியும் இருந்தா முடிஞ்சு போச்சு, லேப் ரிப்போர்ட்டுக்கு காத்திருக்க வேணாம். அளக்கற எடத்துலயே அடுத்து என்ன செய்யணும்னும் இருக்கு, அதான் அழகு. உங்க ப்ராஜெக்ட்ல அளக்கறீங்க ஆனா அந்த நம்பர பாத்து யாரும் எதுவும் செய்யறதில்லன்னா அந்த கட்டத்த நீக்கிடுங்க.

பர்மிஷன், பேப்பர்

எத்திக்ஸ் கமிட்டிகிட்ட போகணுமான்னு எல்லாரும் கேக்குறாங்க. ஐ.சி.எம்.ஆர். 2017 வழிகாட்டுதல்ல, நிறுவனத்துக்குள்ள பண்ற தர ஆடிட் மாதிரி வேலைங்க, ஆபத்து ரொம்ப கம்மியா இருந்து நோயாளி அடையாளம் இணைக்காம இருந்தா, விலக்கு கேக்கலாம்னு இருக்கு. ஆனா விலக்குன்னு முடிவு பண்றது கமிட்டிதான், நீங்களும் உங்க கைடும் டீ குடிச்சுக்கிட்டே முடிவு பண்றது இல்ல. வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஒரு லெட்டர் குடுத்துடுங்க. முடிச்சப்புறம் பப்ளிஷ் பண்ணலாம்னு ஆசை வந்து அப்போ ஓடுனா ஒண்ணும் கெடைக்காது. எழுதறப்போ, குவாலிட்டி ப்ராஜெக்ட்ட எப்படி கட்டுரையா எழுதணும்னு சொல்ற ஸ்குவயர்னு ஒரு வழிகாட்டி இருக்கு, 2015-ல புது வடிவம் வந்துச்சு, அந்த வரிசைல எழுதுங்க, தோத்த ஐடியாவையும் சேத்து. ஏசி கதைய நான் எழுதுனதாலதான் வேற ஒரு ஊர்ல ஒருத்தங்க சர்ஜன்கிட்ட திட்டு வாங்காம தப்பிச்சாங்க.

நீங்க போனப்புறம்

பி.ஜி. மூணு வருஷம்தான், ஹவுஸ் சர்ஜன் மாசத்துக்கு மாசம் மாறுவாங்க, சிஸ்டருங்களுக்கு கவுன்சிலிங் வந்தா பாதி டீம் வேற மாவட்டத்துக்கு போயிடும். அதனால யாரோ ஞாபகம் வெச்சு செய்யணும்ங்கற மாதிரி எந்த மாற்றத்தையும் விட்டுட்டு போகாதீங்க. முடிஞ்ச வரைக்கும் சாமான்ல, எடத்துல, ஏற்கனவே நடக்கற வேலைக்குள்ள அத சொருகிடுங்க. துண்டு விரிக்கறது தனி வேலையா இருந்தா மறக்கும், தியேட்டர் ட்ராலி அடுக்கறப்போவே துண்டும் ஒரு சாமான்னு லிஸ்ட்ல சேந்துட்டா மறக்காது. அளக்கறத வாரத்துல இருந்து மாசத்துக்கு ஒரு தடவையா குறைச்சுக்கலாம், நிறுத்தக் கூடாது, யார் புள்ளி வைக்கப் போறாங்கன்னு பேர் சொல்லி கைமாத்தி விட்டுட்டு கெளம்புங்க.

நானும் கைமாத்திட்டுதான் வந்தேன். ஒன்றரை வருஷம் கழிச்சு வேற வேலையா அந்த ஆஸ்பத்திரிக்கு போயிருந்தப்போ சும்மா எட்டி பாத்தேன், ரன் சார்ட் ஒட்டுன எடத்துல காலண்டர் தொங்குச்சு, நான் கிளாஸ் எடுத்தது யாருக்கும் ஞாபகம் இல்ல, புது சிஸ்டர் ஒருத்தங்க "யாரு மேடம் வேணும்"னு கேட்டாங்க. வார்மர் மட்டும் எதிர் சுவத்தோரம் நாங்க தள்ளி வெச்ச அதே எடத்துல இருந்துச்சு, அதுமேல ரெண்டு துண்டு விரிச்சிருந்துச்சு.